மீட்டருக்கு வைத்த பொட்டு

குசுமா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். கரும்புப் பாகு மெல்ல இறங்கியது. அடியில் மட்டும் கற்கண்டு போல வெள்ளையாக ஒரு கட்டி, இறங்குவேனா என்று ஒட்டிக்கொண்டு நின்றது. பாண்டிச்சேரிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய அத்தனை பெட்டியிலும் இதே லட்சணம். கூடவே போனில் நாலு வார்த்தை வேறு.

"சுத்தமான கரும்புப் பாகுன்னு சொல்லிட்டு சீனியக் கலந்து அனுப்பறீங்களே, நல்லாவாங்க இருக்குது?"

சீனியா? குசுமாவின் பாகிலா? தேனைக் கையால் தொடாத சமணக் குடும்பம் அவளுடையது. தோசைக்குத் தொட்டுக்கொள்ள தேனுக்குப் பதிலாக ஏதாவது வேண்டுமே என்று வீட்டு அடுப்பில் காய்ச்சத் தொடங்கி, இன்று ஒலக்கூர் சாலையில் கொட்டகை போட்டு, திருவெண்ணெய்நல்லூர்க் கரும்பை வரவழைத்துக் காய்ச்சுகிற அளவுக்கு வளர்ந்திருந்தாள். கலப்படக்காரி என்று ஒருத்தர் வாயிலும் இதுவரை விழுந்ததில்லை.

அளவில் தப்பு நடந்திருக்குமோ என்றால், அதற்கும் வழியில்லை. பதம் பார்க்க ஆடி மாதம்தான் புதிதாக ஒரு கண்ணாடி மீட்டர் வாங்கியிருந்தாள். அடியில் குண்டு, மேலே பென்சில் மாதிரி ஒல்லியான கழுத்து, கழுத்துக்குள் கோடு போட்ட காகிதம். ஆறவைத்த பாகைக் குவளையில் ஊற்றி அதை மிதக்கவிட்டால், பாகு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு மேலே எழும்பி நிற்கும். அறுபத்தைந்தாம் கோடு வந்துவிட்டால் பதம் சரி, வராவிட்டால் இன்னும் காய்ச்ச வேண்டும். ஒவ்வொரு கொப்பரைப் பாகுக்கும் அவளே குனிந்து கோட்டைப் பார்ப்பாள்.

அளவு சரி என்றால் ஆள்தான் சரியில்லை. கொப்பரை பார்ப்பவர் பிரான்சிஸ். போன வாரம் அவர் வண்டியின் முன்னால் ஒரு சீனி மூட்டை இருந்ததை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். கண்ணால் பார்த்ததற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"வண்டியில சீனி மூட்டை ஏத்திக்கினு போனியே, எதுக்கு?"

அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசியவள் 'நீ' என்றதும் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த புகழேந்திகூட அரிவாளைக் கீழே வைத்துவிட்டான்.

"சர்ச் திருவிழாவுக்கும்மா. ஊர்ல பாயசம் வைக்கிறது என் பொறுப்பு."

"பாயசமா, என் பாகா? ஒம்பது வருசம் உப்பு போட்ட எடத்துலயே கை வச்சிட்டியே! இனிமே இந்தப் பக்கம் வராத."

பிரான்சிஸ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருட்டு முழி முழிக்காமல் எப்படிப் போகிறான் பார் என்று குசுமாவுக்கு அதிலும் எரிச்சல்தான்.

மறுநாள் ஒரு பாட்டிலையும், அளவில் தப்பில்லை என்று காட்ட மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினாள். உணவுப் பண்டங்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம் அங்கே ஒன்று உண்டு. கலப்படம் என்று ஒரு தாள் வாங்கிவிட்டால், கையோடு பிரான்சிஸ் மேல் புகார் கொடுத்துவிடலாம். அதுதான் அவள் கணக்கு.

அங்கே சோதனை செய்யும் அஸ்வினி கட்டியைச் சுரண்டிப் பார்த்தாள். "கலப்படம் பத்தி அப்புறம் பாக்கலாம் மேடம். ஓவரா காய்ஞ்சிருந்தா கரும்போட சர்க்கரையே இப்பிடி அடியில உறைஞ்சிடும். உங்க மீட்டர் கரெக்டா காட்டுதான்னு எப்பயாவது பாத்தீங்களா?"

"கண்ணாடி எங்கனா பொய் சொல்லுமா?" என்றாள் குசுமா வெடுக்கென்று.

அஸ்வினி தராசை இழுத்தாள். அறுபத்தைந்து கிராம் சீனி, முப்பத்தைந்து கிராம் தண்ணீர் என்ற கணக்கில் நிறுத்துக் கரைத்து, ஆறவைத்து, உயரமான குவளையில் ஊற்றினாள். அறுபத்தைந்து காட்டியே ஆக வேண்டிய கரைசல். மீட்டரை உறையிலிருந்து உருவி மெல்ல விட்டாள். அது ஆடி ஆடி நின்றது.

அறுபத்து மூன்று.

"ஐயையோ!" என்று குசுமா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"மேடம், இதோட தலையில என்ன இது?"

கழுத்தின் உச்சியில் மஞ்சள் நூல். அதன் மேல் சந்தனம், குங்குமம், திரும்பவும் சந்தனம் என்று அடை தட்டிப்போய்ப் பாதிப் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு திட்டு. ஆயுத பூஜைக்குக் கொப்பரை, அகப்பை, வண்டி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது, புதுசாச்சே என்று மீட்டருக்கு நூலும் கட்டிப் பொட்டும் வைத்தவள் குசுமாதான். அதன்பின் வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. கழுத்து உச்சி பாகுக்கு மேலேயே நிற்பதால் அது கரையவும் இல்லை.

அஸ்வினி நூலை அறுத்து, திட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி மிதக்கவிட்டாள். அறுபத்தைந்து. கோடு இம்மி பிசகவில்லை.

"இதுக்கு வெயிட்டு ஏறினா கூட முழுகும். முழுகினா கொறைச்சுக் காட்டும். நீங்களும் பதம் வரலன்னு இன்னும் காய்ச்சிக்கினே இருந்திருப்பீங்க."

குசுமாவின் காதில் அதற்கு மேல் எதுவும் ஏறவில்லை. கலந்தது பிரான்சிஸ் இல்லை. யாருமே இல்லை. தன் கையால் வைத்த பொட்டு! எல்லார் எதிரிலும் அந்த மனுசனை என்ன பேச்சுப் பேசினோம் என்று நினைத்து நினைத்து பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்து அழுகையை அடக்கிக்கொண்டாள்.

திண்டிவனத்தில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே ஆட்டோ பிடித்தாள் பிரம்மதேசத்துக்கு. பிரான்சிஸின் மனைவி அம்சா வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"இன்னும் என்னம்மா பாக்கி? சீனித் திருடன்னு ஊரே பேசுது. திருவிழா வேலையில இவர சேக்க வேணாம்னு சர்ச்சுலயும் சொல்லிட்டாங்க. நேத்துலேந்து பச்சத் தண்ணி எறங்கல இவருக்கு."

குசுமா மீட்டரை வெளியே எடுத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். உள்ளேயிருந்து வந்த பிரான்சிஸ், மீட்டரின் கழுத்து வெறுமையாக இருந்ததைப் பார்த்ததும் அதிர்ந்துபோய்விட்டார்.

"பொட்டாம்மா? தெனம் சுடுதண்ணியில கழுவறவன் நான்தானே! உங்க சாமிப் பொட்டாச்சே, வேத்து மதத்தான் கை படக்கூடாதுன்னு கழுத்துக்குக் கீழ வரைக்கும்தாம்மா தேய்ப்பேன்."

அடப்பாவி மனுசா! மரியாதை பார்த்து விட்டுவைத்தானாம். அவன் விட்டுவைத்த பொட்டே அவனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டியிருக்கிறது. குசுமா அங்கேயே நின்று கொட்டகைக்குப் போன் போட்டாள்.

"புகழேந்தி, ஸ்பீக்கர்ல போடு. எல்லாரையும் கூப்பிடு. நல்லா கேட்டுக்குங்க, பிரான்சிஸ் எதையும் கலக்கல. தப்பு என்னுது. அவர் எதிர்லயே நின்னு சொல்றேன். சர்ச்சுக்கும் நானே போய்ச் சொல்லுவேன்."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்ன மன்னிச்சிடுங்க பிரான்சிஸ். வேலைக்கு வாங்க."

பிரான்சிஸ் மீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழமைம்மா. பொட்ட கொப்பரைக்கு மட்டும் வைங்க. இத தல வரைக்கும் நான் கழுவுறேன்."

அம்சா வாசலை விட்டு விலகி, உள்ளே வாங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.