சட்டையில் அடிக்கும் வாடை

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது, கடைசி பெஞ்சில் இருந்த முனியராஜை மட்டும் வகுப்பு டீச்சர் இருக்கச் சொன்னார். மதுரையிலிருந்து வந்திருந்த ஆலோசகர் ஒரு மணி நேரமாகப் போதைப் பழக்கத்தின் அடையாளங்களைச் சொல்லியிருந்தார். கண் சிவந்திருக்கும், சாப்பாடு இறங்காது, பிள்ளை தனியே ஒதுங்கும், துணிமணியில் புதிதாக ஏதாவது வாடை அடிக்கும். பஸ் ஸ்டாப்பில் கும்பலாக நிற்கும் பையன்களை நினைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டிருந்தான் முனியராஜ். பத்தாவது படிக்கும் தன் மகள் ஓவியாவை அவன் நினைக்கவே இல்லை. மார்க் குறைந்ததைத்தான் டீச்சர் சொல்லப்போகிறார் என்று எண்ணினான்.

டீச்சர் மேசை டிராயரிலிருந்து முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையை எடுத்து அவிழ்த்தார். உள்ளே ஒரு கைக்குட்டை. அவிழ்த்த உடனே வாடை முகத்தில் அடித்தது. சிவகாசி அச்சாபீஸில் பதினெட்டு வருடமாக, மை படிந்த ரோலரைத் தின்னர் ஊற்றிக் கழுவுகிறவனுக்கு அது தெரியாதா?

“இது எஞ்சட்டை வாடை டீச்சர். எல்லாத் துணியையும் ஒண்ணாத்தான ஊறப்போடுறோம்.” சொல்லும்போது அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

“இல்லண்ணே, ஈரமா இருந்துச்சு. ஓவியா கிளாஸ்ல இத மூஞ்சியில வச்சு மோந்துக்கிட்டே இருந்தா. அப்படியே டெஸ்க்குல சாஞ்சுட்டா. அடிச்சுராதீக. பக்கத்துல உக்காந்து பேசுங்க.”

நகக்கண்ணில் ஏறிய மையைப் போக்க, வீட்டுக் குளியலறைச் சன்னலில் அவன் ஒரு பாட்டில் தின்னர் வைத்திருந்தான். கொஞ்ச நாளாகவே அது வேகமாகக் குறைந்துகொண்டு வந்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் மனைவி கற்பகம், கையில் ஒட்டிய மருந்துப் பொடியைப் போக்க எடுக்கிறாள் என்று அவன் நினைத்திருந்தான். அவன் எடுக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அன்று சாயங்காலம் ரெண்டு பேரும் அதைப் பேசித் தெரிந்துகொண்டபோது, கற்பகம் மகளை முதுகில் நாலு சாத்து சாத்திவிட்டு, அதே கையால் தன் தலையிலும் அடித்துக்கொண்டாள். ஓவியா அழவில்லை. அடி வேறு யாருக்கோ விழுந்தது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் சொன்னபடி முனியராஜ் மகள் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. மெதுவாகப் பேசப் பார்த்தால் குரலே எழும்பவில்லை.

“ஏன் தாயி?”

“மண்டைக்குள்ள சத்தம் நின்னுருதுப்பா.”

“என்ன சத்தம்?”

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவனும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு பல தடவை நினைத்தான்.

பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தான். தன்னைப் பேப்பர் மடிக்கிற வேலைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் போய் நின்றான். “காலண்டர் சீசன் முடியட்டும் முனியராஜ்” என்றார் அவர். அச்சாபீஸ் குழாயடியிலேயே ரெண்டு சோப்புப் போட்டுக் குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். ஓவியாவும் ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாள், படித்தாள். கற்பகம் குலசாமிக்குக் காசு முடிந்துகூட வைத்தாள். எட்டாம் நாள் காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்ற மொபெட்டின் பெட்ரோல் டேங்க் மூடி திறந்து கிடந்தது.

அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு, ஆமத்தூர் வழியாகப் போகும் பஸ்ஸில் மகளை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். ஓவியாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

“எவ்வளவு நாளா இந்தப் பழக்கம்?”

“இப்பத்தாம்மா, ஒரு பத்துப் பதினஞ்சு நாளா” என்றான் முனியராஜ்.

ஓவியா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடியில் இருந்த கையை எடுத்து மேசைமேல் வைத்து மூன்று விரலை நீட்டினாள்.

“மூணு வாரமா?”

தலையை இல்லை என்று அசைத்தாள்.

“மூணு மாசமா?”

இப்போது தலை ஆமாம் என்று அசைந்தது. டாக்டரம்மா அதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தார். முனியராஜ் அந்த மூன்று விரலையே பார்த்தான். நகத்தைக் கடித்துக் கடித்துச் சதை சிவந்திருந்தது. அவள் அவற்றை மடக்கவில்லை.