ஒற்றை எஸ், இரட்டை எஸ்

அச்சகத்தில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே மேசை. நான் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிப்பேன். அக்கா அச்சுப் படியில் கண்ணை ஓட்டிப் பிழை திருத்துவாள். பள்ளிக்கூட ஆங்கிலப் புத்தகங்கள்தான் எங்கள் பிழைப்பு. அதில் ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் சொற்கள் உயிரை வாங்கும். அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அப்படியொரு சொல் வந்தால் அதன் தமிழையும் சேர்த்துச் சொல்வேன். 'டெசர்ட், பாலைவனம்' என்றால் அக்கா ஒற்றை எஸ் இருக்கிறதா என்று பார்ப்பாள். 'டெசர்ட், இனிப்பு' என்றால் இரட்டை எஸ். பக்கத்து மேசைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும், அக்கா கைபட்ட புத்தகம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பக்கவாதம் வந்து தேறிய பிறகு அவளுக்குக் கை கால் எல்லாம் சரியாகிவிட்டது. எழுத்துகளைப் பிரித்தறிவது மட்டும் சரியாகவில்லை. அவளே அதை ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் தெரியும். இந்த வேலை போனால் அக்கா உடைந்துபோவாள் என்று பயந்தேன். அவள் தவறவிட்டதையெல்லாம் சாப்பாட்டு இடைவேளையில் நானே திருத்தி எப்படியோ ஓட்டினேன்.

மேலாளர் ஒன்றும் மக்கு இல்லை. "இன்னைக்கு உங்க அக்காவுக்கு வேற ஆள் படிக்கட்டும்" என்றார்.

புதிதாகச் சேர்ந்த பெண் படித்தாள். மடமடவென்று, நடுவில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லாமல். முதல் 'டெசர்ட்' வந்ததும் அக்கா பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தமிழுக்காகக் காத்திருந்தாள். அந்தப் பெண்ணோ நாலு வரி தாண்டிப் போய்விட்டாள். 'பாலைவனம்' என்று நானே கத்திச் சொல்லியிருப்பேன், மேலாளர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

படியை வாங்கிப் பார்த்தவர், "இனிமே வீட்டுல இருக்கட்டும்மா. நீயே பக்குவமா சொல்லிடு" என்று அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார்.

"அந்தப் பொண்ணுக்குப் படிக்கவே தெரியலடி. நான் எதை விட்டேன்? காட்டு" என்றாள் அக்கா.

ஒரு வரியைக் காட்டினேன். ஒட்டகம் ஒன்று இனிப்பில் நடந்துகொண்டிருந்தது. மூலப் பிரதியையும் பக்கத்தில் வைத்தேன். அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு சொற்களின் மேலும் மாறி மாறி விரலை வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேடி?"

நான் படியை மூடி வைத்தேன்.

"ஆமாக்கா, ஒண்ணுதான்" என்றேன். "வா, வீட்டுக்குப் போலாம்."