போர்ட் பீப்பாயில் ஆறு மாதம்

சுவை பார்க்கும் அறையில் ஐந்து தடுப்புகள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சென்ட் கூடாது, காலையில் காபி கூடாது, பேச்சு கூடவே கூடாது. ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுத் தாளில் எழுத வேண்டும். எங்கள் குடும்பத்திலேயே முதல் பட்டம் வாங்கி நான் சாதித்தது இதுதான்: நல்ல சரக்கைத் துப்புவது.

அன்று வந்தது மலிவு விலை போர்பன் விஸ்கி. மொத்தமாக வாங்கி, பழைய போர்ட் ஒயின் பீப்பாய்களில் ஆறு மாதம் ஊறவைத்தது. என் கையெழுத்து விழுந்தால் பாட்டிலுக்குப் போகும். நானும் வேலையில் நிரந்தரமாவேன்.

முதலில் வெனிலா, கருக்கிய சர்க்கரை. பின்னால் போர்ட் வந்தது: உலர்ந்த திராட்சை, பிளம் பழத்தோல். அந்த விலைக்கு மோசமில்லை. உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. துப்பினேன். துப்பிய பிறகும் வாயில் ஒரு சூடு நின்றது. சாராய எரிச்சல் இல்லை. யாராவது கிட்டத்தில் முகம் வைத்து மூச்சு விட்டால் கன்னத்தில் படுமே, அது நாக்கில் பட்டது.

எங்கள் தலைமைச் சுவைஞரை எல்லோரும் மூக்கு சார் என்போம். தாள்களை வாங்கிப் படித்தவர் முகம் சிவந்தது.

“யார் வேலை இது? இது என்ன காலேஜா?”

ஐந்து தாள், ஐந்து கையெழுத்து. ‘கடைசியில் நிற்கும் சுவை’ என்ற கட்டத்தில் ஐந்திலும் ஒரே சொல்: *இருக்கியா?*

“நான் புகையிலைன்னுல்ல சார் எழுதினேன்,” என்றார் லேபிள் பிரிவுத் தொப்பை அண்ணன். “கையெழுத்து என்னோடதுதான். ஆனா என் கையெழுத்து எனக்கே புரியுதுன்னா, எங்கயோ தப்பு நடந்திருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சொல் பீப்பாய்க் கொட்டகையில் புழங்குவது. மூடியைக் கழற்றி, இடுப்புவரை உள்ளே குனிந்து பீப்பாயைச் சுரண்டுவார்கள். உள்ளே கந்தகப் புகை, சாராய ஆவி. அதனால் இரண்டு இரண்டு பேராகத்தான் வேலை. வெளியே நிற்பவள் “இருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். “இருக்கேன்” என்று பதில் வராவிட்டால் காலைப் பிடித்து இழுக்க வேண்டும். அம்மாவும் சித்தியும் பதினோரு வருடம் அப்படித்தான் ஜோடி.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், என் படிப்பைக் காட்ட ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். ஒரு பீப்பாய்க்கு ஒருத்தி போதும், கையில் ஆவியளக்கும் மீட்டர் இருந்தால். முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள். மீட்டர் வாங்கவே இல்லை. ஏழு மாதம் முன்பு, புதிதாக வந்த போர்ட் பீப்பாய்க்குள் சித்தி தனியாகக் குனிந்தாள். வெளியே இழுத்தபோது உயிர் இல்லை. இதயம் பலவீனம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை எழுதியது யார் என்று அம்மாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

“இது எந்தப் பீப்பாய் சார்?”

“அறுபத்தொண்ணு. அதுக்கென்ன?”

சித்தியின் பீப்பாய். அதைக் கழுவி, அதிலேயே ஊற்றியிருக்கிறார்கள்.

“நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“படிச்ச பொண்ணு, பேய் பிசாசுன்னு பேசாதம்மா. வேற தாள் தரேன், எழுது. அதுக்குள்ள பீப்பாயையும் கழுவி முடிச்சிருவாங்க. காலைலயே காலி பண்ணிக் குடுத்தாச்சு.”

“யாரு கழுவறா?”

“உங்கம்மாதான்.”

“கூட?”

“கூட எதுக்கு? ஒரு ஆள் போதும்னு நீதான எழுதிக் குடுத்த?”

கோப்பையை அவர் மேஜையில் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.

கொட்டகையில் பகல் வெயில் அடித்தது. படுக்க வைத்த பீப்பாய்க்குள் அம்மா பாதி உடம்பாக இருந்தாள். சுரண்டும் சத்தம் நிற்கும், அவள் குரல் வரும், மறுபடி சுரண்டுவாள். “இருக்கேன்.” சுரண்டல். “இருக்கேன்டி, எத்தனை வாட்டி கேப்ப?”

வெளியே யாருமே இல்லை.

இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். வெளியே வந்தாள். கண் தெளிவாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது. ஒரு மணி நேரமாக அந்த ஆவிக்குள் இருந்தவள் மாதிரியே இல்லை.

“என்னடி, வேலைய விட்டுட்டு?”

“அம்மா, அந்தக் காகிதம்… ஒருத்தி போதும்னு… அது நான்தான்மா எழுதினேன்.”

அவள் கைச்சுரண்டியைப் பாவாடையில் துடைத்தாள்.

“தெரியும். இப்பத்தான் சொன்னா.”

என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நகரு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி,” என்று திரும்பக் குனிந்தாள். நான் அவள் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கேட்க வாயைத் திறந்தேன். உள்ளே யாரோ எனக்கு முன்னால் கேட்டுவிட்டார்கள்.