மழையைக் கூப்பிட்டது யார்

தாய்லாந்தின் சியாங் மாயில் நாங்கள் ஒரு சிறிய விடுதி நடத்துகிறோம். குளிர்தேசத்துக்காரர்கள் வருவதற்கு முன் எழுதிக் கேட்பது ஒரே கேள்விதான்: வசந்தத்தில் அங்கே வானிலை எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் வசந்தம் என்று ஒன்று கிடையாது. ஏப்ரல் வந்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். விகாரையின் குளிர்ந்த தரையில் பிக்குகளுக்கும் இடம் விடாமல் நாய்கள் படுத்துக் கிடக்கும். பதில் எழுதுவது என் மனைவி வந்தானி. ‘வெயில், குடை வேண்டாம்’ என்று முடித்துவிடுவாள்.

இந்த ஆண்டு நார்வேயிலிருந்து வந்த வயதான தம்பதி, தங்கள் நாற்பதாவது திருமண நாளை எங்கள் முற்றத்தில் திறந்த வானத்தின் கீழ் கொண்டாட ஆசைப்பட்டார்கள். மாலையில் மழை வருமா என்று முன்பே கேட்டிருந்தார்கள். ஒரு துளிகூட வராது என்று வந்தானி எழுதிவிட்டாள். கோடைப்புயல் ஒன்றிரண்டு வருமே என்று நான் இழுத்தேன். வானத்துக்கு நான் எப்போது வக்கீலானேன் என்று கேட்டாள்.

விருந்தன்று மதியமே மலைப்பக்கம் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்தது. மேசைகள் போட்டாயிற்று, மீனும் கரியடுப்பில் ஏறிவிட்டது. வந்தானி சமையலறைக்குள் ஓடி எலுமிச்சைப்புல் தண்டுகளோடு வந்தாள். கன்னிப்பெண் ஒருத்தி அதைத் தலைகீழாக மண்ணில் நட்டால் மழை விலகிப்போகும் என்பது எங்கள் வழக்கம். நட்ட பிறகும் மழை பெய்தால், யாரும் மழையைக் குறை சொல்வதில்லை. நட்டவளைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

அங்கே இருந்த ஒரே கன்னிப்பெண் எங்கள் விடுதியில் வேலை செய்யும் ரின்ரதா. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா புன்ருவான் எதிரில் பூக்கடை வைத்திருக்கிறார். அன்று விருந்துக்கும் வந்திருந்தார். நிச்சயம் ஆகியும் அந்த அம்மாளுக்கு இந்தப் பெண்மேல் இன்னும் முழு மனசில்லை என்பது தெருவுக்கே தெரியும்.

ரின்ரதா தண்டுகளைக் கையில் வாங்காமல் நின்றாள். மறுத்தால் ஏன் மறுக்கிறாள் என்பார்கள். நட்டு, மழையும் வந்துவிட்டால் அதைவிட மோசம். வேண்டாம், மேசைகளை உள்ளே போட்டுக்கொள்ளலாம் என்றேன். உள்ளே இடம் எங்கே என்றாள் வந்தானி. இதற்குள் முச்சக்கர வண்டி ஓட்டும் தவீ, “நடும்மா, பயம் எதுக்கு?” என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். அதற்குப் பிறகு அவள் நடாமல் இருக்க முடியாது. உட்கார்ந்து, வேர் மேலே இருக்கும்படி தண்டுகளை மண்ணில் அழுத்தினாள்.

மீன் தட்டுக்கு வருவதற்குள் மழை வந்தது. வெறும் மழையா? ஆலங்கட்டி. கோலிக்குண்டு அளவில் மேசைமேல் குதித்து, மீன் சட்னிக் கிண்ணத்துக்குள்ளும் விழுந்தது. எல்லோரும் தாழ்வாரத்துக்கு ஓடினோம். நார்வேத் தம்பதி மட்டும் ஓடவில்லை. தங்கள் ஊரிலிருந்து பனி தங்களைத் தேடி வந்துவிட்டது என்று மகிழ்ந்து, ஆலங்கட்டிகளைப் பொறுக்கித் தங்கள் கோப்பைகளில் போட்டுக்கொண்டார்கள்.

தவீ தொண்டையைச் செருமினான்.

“என்னம்மா ரின்ரதா, புல்லு பழசோ?”

தாழ்வாரம் முழுக்கச் சிரிப்பு. ரின்ரதா தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போது புன்ருவான் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“வாயை மூடுடா தவீ. மழையைக் கூப்பிட்டது நான். பூவெல்லாம் வாடுதேன்னு நாலஞ்சு நாளா புத்தர் காலடியில கிடந்து கேட்டுக்கிட்டிருக்கேன். என் வேண்டுதலுக்கு முன்னாடி இந்தப் புல்லு என்ன செய்யும்? பாவம், என் மருமக.”

“கோயில் பக்கம் உங்களைப் பாக்கவே இல்லையேக்கா.”

“நீ கோயிலுக்குப் போயிருந்தாத்தானே பாக்க.”

இப்போது சிரிப்பு தவீயின் பக்கம் திரும்பியது. அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு மீனைத் தேடிப் போனான். ரின்ரதா தூணை விட்டுத் திரும்பினாள். மருமகள் என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

புன்ருவானின் பூக்கள் ஐஸ்பெட்டியில் இருக்கும், வாடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஏப்ரல் நடுவில் வரும் எங்கள் புத்தாண்டுக்காக வாசலிலும் பூவை அடுக்கும் நேரத்தில் மழை பெய்தால் அவருக்குத்தான் நஷ்டம் என்பதும் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் அவர் கை நிறைய மல்லிகைச் சரத்தோடு விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தார். இவ்வளவு காலையில் எங்கே அக்கா என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நேத்து பொய் சொல்லிட்டேன் தம்பி. பஞ்சசீலத்துல ஒண்ணு போச்சு. இன்னிக்காவது போய் மழை வேணும்னு கேட்டுட்டா, பொய்யில பாதி கழிஞ்சிடும்ல?”

“மழை பெஞ்சா வியாபாரம்?”

“அதுக்காக அரைமனசா வேண்ட முடியுமா?”

சொன்னபடி முழு மனதோடுதான் வேண்டியிருக்க வேண்டும். மாலையில் மீண்டும் கறுத்தது. முதல் துளி விழும்போதே, யாரும் கூப்பிடாமல், ரின்ரதா எங்கள் பிளாஸ்டிக் விரிப்பைத் தூக்கிக்கொண்டு பூக்கடைக்கு ஓடினாள். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை மாமியார் பிடித்தார். இருவரும் தெப்பமாக நனைந்தார்கள். பூக்கள் நனையவில்லை.