முதல் பக்கம் மட்டும் படித்தவர்

டொக்டர் நிருஷாவின் ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றில் வெளிவந்ததும், அவளைவிட அதிகம் துள்ளியவர் கணவர் திவாகரன்தான். ஆஸ்பத்திரிகளும் பூமியைச் சூடாக்குகின்றன, ஆஸ்துமா எனும் முட்டு வருத்தக்காரர் வாயில் அடிக்கும் பம்பிலிருந்து வரும் வாயுவுக்கும் அதில் பங்குண்டு, ஒத்துவருகிறவர்களுக்குத் தூளாக உறிஞ்சும் மருந்தைக் கொடுக்கலாம் என்று அவள் எழுதியிருந்தாள். ஆரையம்பதியில் தன் ஹாட்வெயார் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களைக்கூட, அந்தக் கட்டுரையைக் காட்டாமல் அவர் அனுப்பவில்லை.

ஞாயிறு மாலை இருவரும் கல்லடிப் பழைய பாலத்தில் நடந்தார்கள். பாதித் தூரம் போவதற்குள் திவாகரன் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“கொஞ்சம் பொறு நிருஷா. மீன் பாடுற சத்தம் கேக்குது.”

பாடும் மீன்களுக்குப் பேர்போன வாவியைப் பார்த்து நின்றவரின் முதுகில் அவள் கையை வைத்தாள். உள்ளே விசில் ஊதுவது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

“பாடுறது மீன் இல்ல, உங்கட நெஞ்சு. பம்ப் எங்க?”

அவசரத்துக்கென்று தன் கைப்பையில் வைத்திருக்கும் பம்பை அவள் எடுத்து நீட்டினாள். அவர் அக்கம் பக்கம் பார்த்தார்.

“வேணாம். பம்பால பூமி சூடாகுது எண்டு எழுதின டொக்டரிட புருஷனே பம்ப் அடிக்கிறான் எண்டு சனம் சிரிக்கும். அதுதான் விட்டுட்டன்.”

நிருஷா அவரை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாளும் இந்த மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டா கடையில் தன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்?

“சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். வாயத் திறங்க.”

மருந்து உள்ளே போய், இளைப்பு மெல்ல அடங்கும்வரை அவர் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“கட்டுரைய முழுசா வாசிச்சீங்களா?”

“முதல் பக்கம் வாசிச்சன். மற்றதெல்லாம் கணக்கும் கட்டமுமா இரிந்திச்சி.”

“ரெண்டாம் பக்கத்தில எழுதியிரிக்கு, ஒருத்தரும் தன்ர பாட்டில மருந்த நிப்பாட்டக் கூடாதெண்டு.”

“அத முதல் பக்கத்தில போட்டிரிக்கலாமே கா.”

கோபத்தோடு வாயைத் திறந்தவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் சொன்னது சரிதான். அடுத்த கட்டுரையில் அதுதான் முதல் வரி.

மறுநாள் நெஞ்சு மருத்துவரிடம் அவளே கூட்டிப்போனாள். ஊதச் சொல்லி, இழுக்கச் சொல்லிப் பார்த்த மருத்துவர், தினமும் எடுக்கும் மருந்தைத் தூளாகவே உறிஞ்சலாம் என்றார். அவசரத்துக்குப் பம்ப் சட்டைப்பையிலேயே இருக்க வேண்டும், அதில் வெட்கம் வேண்டாம் என்றும் சொன்னார்.

சில வாரங்கள் போயின. ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, தகரம் வாங்க வந்த நௌஷாட் விலை பேசிய கதையைத் திவாகரன் தொடங்கினார். காத்தான்குடி தாண்டியும் கதை முடியவில்லை. இடையில் ஒரு இடத்திலும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை. வேறு நாளென்றால் போதும் நிறுத்துங்கள் என்றிருப்பாள். இன்று அவர் முதுகில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, “மறுகா?” என்று மிச்சக் கதையைக் கேட்டாள்.