சத்தியநாராயணன் வென்ற பட்டிமன்றம்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது, வாசகரே. இந்தக் கதை ஒரு வெற்றிக் கேடயத்திலிருந்து பிறந்தது. கேடயம் வெள்ளவத்தையில், சத்தியநாராயணனின் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறவரும் அவர்தான், கதைக்குள்ளே மாட்டிக்கொண்டவரும் அவர்தான். ‘நான்’ என்று தொடங்கத்தான் பார்த்தார். சனம் என்ன சொல்லுமோ என்று ‘அவர்’ ஆக்கிவிட்டார். ஐம்பது வயது, காப்புறுதிக் கம்பனியில் மனேச்சர், மேடை ஏறினால் புலி.*

* கொழும்பில் புலி என்ற சொல்லை யோசித்துத்தான் போடவேண்டும். சிங்கம்? அதுவும் வேண்டாம்.

2

தொடக்கம் ஒன்று: “காலி வீதியில் அன்று அடைமழை...” (அன்றைக்கு ஒரு துளிகூடப் பெய்யவில்லை. வெட்டியாயிற்று.)

தொடக்கம் இரண்டு: “எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர்...” (ஒன்பது வருசமாக வெளியாட்களிடம் பற்றிக் என்ற ஆளுக்குக் கொடுத்துவந்த பட்டம் இது. இதுவும் வெட்டு.)

தொடக்கம் மூன்று: “சத்தியநாராயணனுக்குப் பற்றிக் என்றால்...”

சரி, விசயத்துக்கு வருவோம். பற்றிக் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் கிளாக். இருவரும் வீட்டுக்கார யோசெப்பின் அன்ரியின் மேல்மாடியில், ஆளுக்கொரு அறையாக, ஒன்பது வருசமாக வாடகைக்கு இருக்கிறார்கள். குடி இல்லை, பெட்டையளைக் கூட்டிவருவதில்லை, பற்றிக் ஞாயிறு பூசைக்கும் அன்ரியைக் கூட்டிப்போவான். தன் பொடியளைப் பற்றி அன்ரிக்குத் தெரு முழுக்கப் பெருமை. (வாடகைக்கு இருந்தால் ஐம்பது வயதிலும் பொடியன்தான்.)

அதற்கு முந்திப் பற்றிக்குக்கு இன்னொரு அறை இருந்தது, கொட்டாஞ்சேனையில். ஆள் ‘அந்த மாதிரி’ என்று கேள்விப்பட்ட வீட்டுக்காரன் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிந்தான். பொலிசுக்குப் போகலாமென்றால், ஆணும் ஆணும் கூடினால் குற்றம் என்று வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறதே! முறைப்பாடு எழுதிக் கொடுத்தால் தன் வாயாலேயே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சிதறிய உடுப்புகளைப் பொறுக்கிக்கொண்டு போனான். இதை அவன் அழுதழுது சொன்னது சத்தியநாராயணன் ஒருவரிடம் மட்டுந்தான்.

3

அந்தச் சட்டத்தைத் திருத்தும் பேச்சுப் பேப்பரில் அடிபட்ட நேரம். பட்டிமன்றச் செயலாளர் காசிவிஸ்வநாதனுக்குப் புதுமை செய்யும் ஆசை வந்தது. தலைப்பு: தன்பாலீர்ப்பினருக்கு உண்மையான சமத்துவம் தருவது பாரபட்சத்துக்கு எதிரான சட்டமா, மக்களின் மனமாற்றமா? அங்கே சீட்டுக் குலுக்கித்தான் அணி பிரிப்பார்கள். வந்த பக்கத்தைப் பேசியே ஆகவேண்டும். சத்தியநாராயணனுக்கு வந்தது மனமாற்றம்.

(கவனியுங்கள், பழியைச் சீட்டின் தலையில் போடப் பார்க்கிறார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.)

சட்டத்துக்காகப் பேசியவள் மீனாள் என்ற இளம் சட்டத்தரணி. எல்லாருடைய மனமும் மாறும்வரை பொறு என்கிறவர்கள், ஊரில் கள்வர் திருந்தும்வரை தங்கள் கதவைப் பூட்டாமல் படுப்பார்களா என்று கேட்டாள். மண்டபம் கொஞ்சம் அசைந்தது. பிறகு சத்தியநாராயணன் எழும்பினார்.

“சட்டம் வேலை வாங்கித் தரும். சொந்தக்காரர் வீட்டில ஒரு கோப்பை தேத்தண்ணி வாங்கித் தருமோ? பொலிஸ்காரனைப் பக்கத்தில நிப்பாட்டிப்போட்டு அன்பு கேக்க ஏலுமோ? மனம் மாறினால் சட்டம் எதுக்கு? மாறாட்டிச் சட்டம் எதுக்கு?”

கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல். எந்தத் தலைப்பானாலும் இரண்டும் இரு கண்கள் என்று மழுப்புகிற நடுவர், அன்றைக்குக் கேடயத்தைத் தூக்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். பேசியதில் பாதியைச் சத்தியநாராயணன் நம்பவும் செய்தார். பேர் சொல்லிச் சட்டம் போட்டால் விரல் சுட்டிப் பார்ப்பார்கள், இப்போது போலச் சத்தமில்லாமல் இருக்க முடியாது என்று அவருக்கு மெய்யாகவே பயம். மூன்றாவது வரிசையில் பற்றிக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான்.

வீட்டுக்கு வந்து அவன் சண்டை பிடிக்கவில்லை. “நல்லாக் கதைச்சாய், சத்தி. எனக்கு எதிரா இவ்வளவு வடிவா ஒருத்தரும் கதைச்சதில்லை” என்றான். பெட்டியைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு, அக்கா றோஸி வீட்டுக்குப் போய்விட்டான்.

4

இந்தக் கதையை எழுதத் தொடங்கியதே அவனைத் திருப்பிக் கூப்பிடத்தான். இதுவரை எழுதியதை வட்ஸப்பில் அனுப்பினார். பின்னேரம் பற்றிக் ரெலிபோனில் கோல் எடுத்தான்.

“வாசிச்சனான். உன்னை நீயே நல்லா நக்கலடிச்சிருக்கிறாய். அதுவும் மேடைதான், சத்தி. நான் வாறதெண்டா, ஒரே ஒரு ஆளுக்காவது நான் உனக்கு ஆரெண்டு உன்ர வாயால சொல்லு.”

அந்த நேரம் பார்த்து யோசெப்பின் அன்ரி மூச்சிரைக்க மேலே ஏறிவந்தார். பற்றிக்கை மூன்று கிழமையாகக் காணவில்லையாம். வரமாட்டாரென்றால் அவருடைய அறைக்கு வேறு பொடியன் ஒருவன் இருக்கிறானாம், நுகேகொடையில் வேலை, நல்ல குடும்பம். சொல்லிக்கொண்டே பற்றிக்கின் அறைக்கதவைத் திறந்துவிட்டார்.

கட்டிலில், கழுவிக் காய்ந்த உடுப்புக் குவியலுக்குக் கீழே மெத்தை. ஒன்பது வருசத்துக்கு முந்தி அன்ரியே கடைக்குக் கூட வந்து விலை பேசி எடுத்துக் கொடுத்த மெத்தை. பொலித்தீன் உறை இன்னும் கிழிக்கப்படவில்லை. எத்தனை வருசம், எத்தனை கவனம்! இரண்டு பேருக்கும் இது மட்டும் புத்தியில் வரவில்லை.

அன்ரி பொலித்தீனைத் தொட்டுப் பார்த்தார்.

“அப்ப பற்றிக் எங்க படுத்தவர், தம்பி?”

பேச்சுக்காரருக்குப் பதிலா இல்லை? முதுகுவலி, தரையில் பாய், வெக்கை என்று வரிசையாக வந்து நின்றன. கையில் ரெலிபோன் இன்னும் வெட்டுப்படவில்லை. சத்தியநாராயணன் அவை ஒன்றையும் எடுக்கவில்லை.

“என்னோடதான் அன்ரி. ஒன்பது வருசமும்.”

5

முடிவு அ: மாத முடிவில் வீட்டை விட்டு வெளிக்கிடச் சொல்கிறார் அன்ரி. சத்தியநாராயணன் மீனாளிடம் ஓடுகிறார். “சட்டம் இல்லையே அங்கிள், நீங்கதானே வேண்டாமெண்டு கதைச்சு வெண்டனீங்கள்” என்கிறாள். (எழுதும்போது சிரிப்பு வந்தது. வாசிக்கும்போது வரவில்லை.)

முடிவு ஆ: அன்ரி உறையைக் கிழித்து, மெத்தையை வெயிலில் போடச் சொல்லி... (இது அவருடைய ஆசை.)

முடிவு இ: இல்லை. அன்ரி இன்னும் அறை வாசலில் நிற்கிறார். இவர்களை வெளியேற்றாதே என்று சொல்ல ஒரு சட்டமும் அவர் பின்னால் நிற்கவில்லை. ஒரு மனம் மட்டும் இருக்கிறது, மேடையில் நம்பச் சொன்ன அதே மனம். அதைத் தன் இஷ்டத்துக்கு எழுதச் சத்தியநாராயணனுக்குக் கை வரவில்லை. உங்களுக்கும் ஒரு மேல்மாடி இருக்கலாம், வாசகரே, வாடகைக்கு ஆட்களும் இருக்கலாம். வந்து அன்ரியின் இடத்தில் நில்லுங்கள். பதிலைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். ரெலிபோனில் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.