படியில் ஒரு கால்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் பித்தளைத் தட்டைத் தட்டியவன் நான்தான். கதை சொல்கிறவனுக்குக் கதைக்குள் என்ன வேலை என்று கேட்பீர்கள். டைப்பிஸ்ட் வேலை. 1969இல் தருமபுரியில் ஓர் இலாகாவில் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்) ஆய்வாளர் மாதேஸ்வரன் பின்னால் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கம்பைநல்லூருக்குப் போனேன். அங்கே ஒரு படிவத்தில் ஒரு சொல் எழுதினேன். ஒன்பது வருடமாக அந்தச் சொல்லைச் சுற்றித்தான் இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கதை ராஜமேரி டீச்சருடையது. பிறந்ததிலிருந்தே காது கேளாதவர். கம்பைநல்லூரில் காது கேளாத பிள்ளைகளுக்கு முதன்முதலில் வகுப்பு தொடங்கியவர். எழுதியதை அவருக்கே தபாலில் அனுப்பிவைத்தேன். ஓரமெல்லாம் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். அழித்தால் மறுபடி எழுதுவார்.

2

கைவிட்ட முதல் வரிகள்:

"மௌனமே அவளது மொழி. இருளில் ஓர் அகல்விளக்காக..."

[ஓரத்தில்: எந்த மௌனமுங்க? எங்க வகுப்புக்கு வந்து பாத்தீங்கல்ல? சந்தை தோத்துப் போவும்.]

"விதி அவள் காதுகளைப் பறித்துக்கொண்டபோது..."

[காது ரெண்டும் பத்திரமா இருக்குது. கம்மல் போட்டிருக்கேன்.]

"கடலைக்காய்க் கிடங்கில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது."

[இது பரவால்ல. மேல போங்க.]

3

கடலைக்காய்க் கிடங்கில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மூட்டைகளில் ஈரம் ஏறாமலிருக்கத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திப் பலகை போட்டிருந்தார்கள். ஏறுவதற்கு மூன்று படி. சர்ச்சுக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த நல்ல அறை சும்மா கிடந்தும், ராஜமேரி இந்தக் கிடங்கைத்தான் கேட்டு வாங்கினார். டீச்சருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு வேண்டியது அந்தப் பலகை. காலால் ஒரு தட்டுத் தட்டினால் ஏழு தலைகளும் அவர் பக்கம் திரும்பும். இரண்டு தட்டினால் சிலேட்டைக் கீழே வைக்க வேண்டும். மூன்று தட்டினால் யாருக்கோ பூசை உண்டு.

ஏழு பேரில் மூத்தவள் சின்னம்மாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், பத்து வயது. வீட்டில் அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் சின்னக் கல்லாக எடுத்து முதுகில் எறிவார்களாம். ராஜமேரி அவளுக்குக் கையால் ஒரு பெயர் வைத்தார். மோவாய்த் தழும்பை விரலால் ஒரு தொடல், அவ்வளவுதான் பெயர். அன்று முழுக்கத் தன் பெயரைத் தானே சொல்லிச் சொல்லி, சாயங்காலத்துக்குள் அவளுக்கு மோவாய் சிவந்துபோயிற்று.

(எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். காதுமேல் ஒரு விரல். காதில் பேனா செருகிக்கொள்வது என் வழக்கம்.)

4

இங்கே ஒரு தொழில் சிக்கல். கையால் பேசுகிறவரின் பேச்சை எந்தத் தமிழில் எழுதுவது? "தாங்கள் அமருங்கள், ஐயா" என்று எழுதிப் பார்த்தேன்.

[சாமியாரு பிரசங்கம் மாதிரி இருக்குது. எங்கண்ணி வாயப் பாத்துக் கத்துக்கிட்ட தமிழுங்க என்னுது. அது எப்படிப் பேசுதோ அப்படித்தான் என் கையும் பேசும். ஒரே வூட்டுலதானே சோறு திங்கறோம்.]

அண்ணி என்றால் லூர்தம்மாள், டீச்சருடைய அண்ணன் மனைவி. அவருக்குக் காது கேட்கும். மதியம் பிள்ளைகளுக்குச் சமைப்பார். வெளியாட்கள் வந்தால், டீச்சரின் கையைப் பார்த்து வாயால் சொல்வார்.

5

மாதேஸ்வரன் கெட்டவரில்லை. அதுதான் கதைக்குப் பெரிய இடைஞ்சல். வில்லன் ஒருவன் இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அங்கீகாரம் கிடைத்தால் பள்ளி நிற்கும். கிடைக்காவிட்டால் ஏழு பேரும் ஆட்டின் பின்னால் போக வேண்டியதுதான். அவர் கொண்டுவந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள் முக்கியம். பிள்ளைகளுக்குக் காது கேட்கக் கூடாது. ஆசிரியருக்குக் கேட்க வேண்டும்.

டீச்சருக்குக் கேட்காது என்பது ஊருக்கே தெரியும். டீக்கடையில் காலெடுத்து வைத்ததுமே எனக்கும் தெரிந்துவிட்டது. மாதேஸ்வரனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. டீச்சர் கையைக் காட்டுவதும் லூர்தம்மாள் பேசுவதுமாக இருப்பதைப் பார்த்து, அந்நிய ஆணிடம் வாய் திறக்கக் கூச்சப்படுகிற அம்மா போலிருக்கிறது என்று அவராக முடிவு செய்துகொண்டார். மரியாதையாகத் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே பேசினார். ராஜமேரியோ, இந்த மீசைக்குள் உதடு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"பச்சியப்பா, ஒரு தடவ சோதிச்சுப் பாத்துருவோம்."

சமையல் பக்கமிருந்து பித்தளைத் தட்டை எடுத்துவந்து, எல்லோருக்கும் பின்னால் நின்று பலகையில் போட்டேன். ஏழு தலைகள் திரும்பின. எட்டாவதாக டீச்சர் தலையும் திரும்பியது.

"என்னம்மா இது? அத்தனைக்கும் நல்லாக் கேக்குதே! கவர்மெண்டையே ஏமாத்தறீங்களா?"

லூர்தம்மாள் கையால் சொன்னார். ராஜமேரி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, கையை வேகமாக வீசினார்.

"பலகை அதிருதுங்களாம், சார். காலுக்குத் தெரிஞ்சு போவுதுங்களாம். கீழ மண்ணுல நிக்க வெச்சுத் தட்டச் சொல்றாங்க."

பிள்ளைகள் வாசலில் இறங்கி, முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். நான் கரண்டியால் தட்டை அடித்தேன். கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன. எங்கே தீப்பிடித்தது என்று கேட்டுக்கொண்டு தெருவிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஏழு முதுகுகளும் அசையவில்லை.

"சரிதான்யா. ஏழு பேருக்கும் கேட்காதுன்னு எழுது. அடுத்தது, ஆசிரியர்."

6

இந்த இடத்தை எட்டு முறை எழுதினேன்.

ராஜமேரி பலகையின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். ஏழு முதுகுகள். வரிசையின் கடைசியில், சின்னம்மாளுக்குப் பக்கத்தில், ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. தன் பிள்ளைகளை நிற்க வைத்த இடத்தில் தானும் நின்றால்தான் சரி என்று அவருக்குத் தோன்றியது. நின்றால் பள்ளி போய்விடும் என்றும் தெரியும். செருப்பைக் கழற்றினார். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, மேல்படியில் ஒரு காலை வைத்தார்.

(இறங்கிப் போய் வரிசையில் நின்றார் என்று ஒருமுறை எழுதினேன். கைதட்டல் வாங்குகிற முடிவு. அடித்துவிட்டேன்.)

(காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சாமர்த்தியமாகச் சிரித்தார் என்று ஒருமுறை. அதையும் அடித்தேன். அவர்...)

நடந்தது இதுதான். அந்தக் கால் படியில் இருக்கும்போதே, "டீச்சருக்கு நல்லாக் கேக்குங்க, சார். நானே பேசிப் பாத்தேன்" என்று சொல்லி, கட்டத்தில் 'கேட்கும்' என்று எழுதினேன். மாதேஸ்வரன் கையெழுத்துப் போட்டார். நல்ல காரியம் செய்த பெருமையில் டீச்சரைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவர் படிவத்தைப் பார்த்தார். பிறகு காலை எடுத்து மறுபடி பலகையில் வைத்தார்.

பள்ளிக்கூடம் பிழைத்தது. சுபம்.

7

[சுபம் போட்டுட்டீங்களா? நல்லதுதான் செஞ்சீங்க, இல்லைங்கல. இப்ப முப்பத்தோரு பிள்ளைங்க படிக்குது. ஆனா வருசா வருசம் அந்தப் படிவம் வருதுங்க. 'கேட்கும்'னு நானே எழுதிக் கையெழுத்துப் போடறேன். பிள்ளைங்க பாத்துக்கிட்டே நிக்குதுங்க. போன மாசம் நம்ம சின்னம்மாளு டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டா. காது கேக்காதவங்க யாரும் இந்த ஜில்லாவுல டீச்சரா இருந்ததில்லைன்னு பதில் வந்துச்சு. பொய்யின்னு சண்டைக்குப் போவ முடியுமா? காயிதத்துல யாருமில்லையே.]

அந்தப் பதிலை டைப் அடித்தவன் நான்தான். பதிவேடுகளையெல்லாம் ஒழுங்காகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடித்தேன். விண்ணப்பத்தில் இருந்த சின்னம்மாள் என்ற பெயர், கதையில் நானே எழுதிவைத்ததாக இருந்தும், எனக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. நேரில் வந்து மோவாயைத் தொட்டிருந்தால் ஞாபகம் வந்திருக்கும்.

8

உடனே மூன்று முடிவுகள் எழுதி அனுப்பினேன்.

முதலாவதில், டீச்சர் 'கேட்காது' என்று எழுதுகிறார். புது ஆய்வாளர் எழுந்து நின்று கும்பிடுகிறார். இரண்டாவதில், அதையே எழுதுகிறார். ஆய்வாளர் அவரை வேலையைவிட்டு நீக்கி, காது கேட்கிற ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார். மூன்றாவதில், வாசகர்களே, உங்களிடம் விட்டுவிடுகிறேன் என்று நான் நழுவிக்கொள்கிறேன்.

நேற்று பதில் வந்தது. போஸ்ட் கார்டு, இந்த முறை பேனா மையில்:

"மூணும் வேண்டாமுங்க. வாசகருங்களுக்கு எதுக்கு இந்தத் தொந்தரவு? எனக்கு வேல போனாலும் போவும், தெரிஞ்சுதான் சொல்றேன். திங்கக்கெழம ஆய்வு. படிவம் மேசை மேல இருக்குது. பேனா என் கையில இருக்குது. சின்னம்மாளப் பக்கத்துல நிக்கச் சொல்லியிருக்கேன். ஒம்போது வருசமா அந்தக் காலு படியிலயே நிக்குது. நானே எறக்கி வெச்சுக்கறேன். நீங்க வழிய வுட்டு ஒதுங்குங்க."

இன்று சனிக்கிழமை. ஒதுங்கி நிற்கிறேன். நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.